விரைவும் நீடிப்பும்: அறுபதுகளின் ஆய்வுப் பந்தயக் கார்கள்

தோற்றுவாய்

முல்லைத் திணைப் பாடல்களைப் பயின்றோர் தேரை மறக்க இயலாது. வினை முடித்து மீளும் தலைவன் பாகனை விளித்துத் தேரை விரைந்து செலுத்துமாறு வேண்டுவான். கார்காலம் வந்துவிட்டது, இல்லத்தில் தலைவி காத்திருக்கின்றாள், ஆதலின் விரைவே அவன் வேட்கை. ஆயினும் அகநானூற்றின் நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன் விரைவோடு மற்றொன்றையும் எண்ணுகின்றான். வழியிலுள்ள சோலைகளில் தாதுண்ணும் வண்டினம் தேர்மணியின் ஒலியால் கலங்குமே என அஞ்சி, மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகின்றான். விரைந்து செல்லவும் வேண்டும். அவ்விரைவால் பிற உயிர்க்கு ஊறு நேராதிருக்கவும் வேண்டும் என்பது அவன் உள்ளம்.

நம் உறுவையாற்றுக்கு அண்மையிலுள்ள வில்லியனூரின் தேரோட்டத்தை அறியாதார் இலர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநரே வந்து வடம் பிடித்த மரபு, இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கும் வழக்காகத் தொடர்கின்றது. அங்கு வடம் இழுப்போர் நூற்றுக்கணக்கினர். ஆனால் சக்கரத்தின் அருகே குனிந்து நின்று முட்டுக்கட்டை இடுவோர் சிலரே. அச்சிலர் இல்லையெனின் தேர் திரும்பாது, நிற்கவும் நிற்காது. ஓடுவதற்குப் பலர் துணை. நிற்பதற்குச் சிலர் அறிவு துணை.

பந்தயக் கார் பற்றிய கட்டுரைக்குத் தமிழ்த்துறை மலரில் என்ன இடம் என்று வினவுவோர் இருக்கலாம். மேற்கூறிய இரு காட்சிகளே அதற்கு விடையாகும். மணிநாவைக் கட்டிய தலைவனும் முட்டுக்கட்டை இடும் தொழிலாளரும் உணர்ந்திருந்த உண்மையை, இருபதாம் நூற்றாண்டின் அறுபதுகளில் மேலைநாட்டுப் பொறியியலார் பெரும்பொருள் செலவிட்டும் சில உயிர்களை இழந்தும் கற்றனர். அவ்வரலாற்றையும், தமிழ்நாட்டில் அதற்கு இணையாக நிகழ்ந்த முயற்சியையும் சுருங்க விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சோழவரத்து ஓடுதளம்

சென்னைக்கு வடக்கே செங்குன்றத்தை அடுத்துள்ளது சோழவரம். இரண்டாம் உலகப் போரின்போது அங்கு விமான ஓடுதளம் ஒன்று அமைக்கப்பெற்றது. போர் முடிந்தபின் பயனின்றிக் கிடந்த அத்தளம் மோட்டார் பந்தயக் களமாயிற்று. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அங்குப் பந்தயங்களை நடத்தி வந்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பல்லாயிரவர் வெயிலில் நின்று கண்டுகளித்த திருவிழாவாக அது விளங்கியது.

அந்நாளில் நம் நாட்டில் கார் வாங்குவதே அரிது. அயல்நாட்டுச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி உரிமம் எளிதில் கிட்டாது. மன்னர் குடும்பத்தினர், பெருஞ்செல்வர் சிலரிடம் மட்டுமே அயல்நாட்டுப் பந்தயக் கார்கள் இருந்தன. ஏனையோர் உள்நாட்டில் கிடைத்த அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றையே நம்பினர். இவற்றுள் ஹெரால்டு, சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் 1961 முதல் உருவாக்கப்பட்டது. பட்டறைகளில் அமர்ந்து, வேண்டாத உறுப்புகளை அகற்றி எடையைக் குறைத்தும், எஞ்சினைத் திருத்தி ஆற்றலைக் கூட்டியும், பழைய அடிச்சட்டத்தின்மேல் புதிய உடலை ஏற்றியும் ‘ஸ்பெஷல்’ என்னும் பெயரால் தாமே கார்களைச் சமைத்துக்கொண்டனர்.

விமான ஓடுதளம் நேரானது. காரை அங்கு முழு விரைவில் செலுத்தலாம். ஆனால் இறுதியில் கூர்மையாகத் திரும்பியாக வேண்டும். நேர்வழியில் எஞ்சினின் ஆற்றல் வெளிப்படும். திருப்பத்தில் பிரேக்கின் தகுதி வெளிப்படும். சோழவரத்துப் பந்தயங்கள் பெரும்பாலும் குறுகிய நேரத்தில் முடிபவை. ஓர் எஞ்சின் சில சுற்றுகள் தாங்கினால் போதும். அதே ஆண்டுகளில் பிரான்சு நாட்டில், ஒரு முழுப் பகலும் ஓர் இரவும் தாங்கியே ஆகவேண்டிய கார்களைச் சமைப்பதில் உலகின் பெருநிறுவனங்கள் ஒன்றையொன்று விஞ்ச முயன்றுகொண்டிருந்தன.

நீடோட்டப் பந்தயம்

பிரான்சின் வடமேற்கில் உள்ளது லெ மான் நகரம். பெயரில் மான் இருப்பினும் அங்கு ஓடுவன கார்களே. 1923-இல் மேற்குப் பிரான்சு மோட்டார் கழகம் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தை அங்குத் தொடங்கியது. குறித்த தொலைவை முதலில் கடப்பவர் வெல்லும் பந்தயமன்று இது. குறித்த நேரத்துள் மிகுந்த தொலைவைக் கடப்பவரே வெற்றி பெறுவர். ஓட்டுநர் மாறி மாறிச் செலுத்தலாம். கார் மாறக் கூடாது.

அறுபதுகளில் அத்தடத்தின் ஒரு சுற்று ஏறத்தாழ 13.4 கிலோமீட்டர். அதன் பெரும்பகுதி, மற்ற நாள்களில் உழவர் வண்டியும் பேருந்தும் செல்லும் பொதுச் சாலையே. இடையில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நேர்வழி. மழை, பனி, இருள், உறக்கம் ஆகிய நான்கும் எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் பகை. முதல் பந்தயத்தில் வென்ற கார் 2,209 கிலோமீட்டர் ஓடியது. 1967-இல் வென்ற கார் 5,232 கிலோமீட்டர் ஓடியது. நாற்பத்துநான்கு ஆண்டுகளில் தொலைவு இருமடங்கினும் மிகுந்தது.

இவ்வளர்ச்சி குருதி சிந்தாமல் வந்ததன்று. 1955-இல் மெர்சிடிஸ் கார் ஒன்று பார்வையாளர் கூட்டத்துள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்நிறுவனம் அவ்வாண்டின் இறுதியில் பந்தயக் களத்தை விட்டே விலகியது. இத்துயரின் நிழலில்தான் அறுபதுகளின் ஆய்வுகள் தொடங்கின.

தோல்வியைத் தேடிய ஆய்வுகள்

1960 முதல் 1965 வரை ஆறு ஆண்டுகளும் லெ மான் களத்தில் வென்றவை இத்தாலியின் பெராரி கார்கள். 1963-இல் அந்நிறுவனத்தை விலைக்கு வாங்க முயன்று இயலாத அமெரிக்காவின் போர்டு நிறுவனம், அதனைக் களத்தில் வெல்வதெனத் துணிந்தது. நாற்பது அங்குல உயரமே உடைய ஜிடி40 என்னும் கார் பிறந்தது. 1964 ஏப்ரலில் வெள்ளோட்டத்துக்கு வந்த இரு கார்களும் நிலைகுலைந்து விபத்துக்குள்ளாயின. விரைந்தோடும் காரின்மேல் பாயும் காற்று, விமானத்தின் இறக்கையைத் தூக்குவது போல அதன் பின்புறத்தைத் தூக்கியதே காரணம். பின்விளிம்பில் சிறு தடுப்பு ஒன்றைப் பொருத்தியதும் கார் தரையைப் பற்றியது. ஆனால் அவ்வாண்டுப் பந்தயத்தில் ஓடிய மூன்று கார்களும் இறுதிவரை நிற்கவில்லை. ஒன்று தீப்பற்றியது, இரண்டின் பற்சக்கரப் பெட்டி பழுதுற்றது. 1965-இலும் ஜிடி40 வகையில் ஒன்றேனும் பந்தயத்தை முடிக்கவில்லை.

அதன்பின் போர்டு பொறியாளர் கடைப்பிடித்த வழி கருதத்தக்கது. ஓட்டுநர் எங்கு விசையை மிதிக்கின்றார், எங்குப் பற்சக்கரம் மாற்றுகின்றார் என்பனவற்றை ஓடும் காரிலேயே பதிவு செய்தனர். அப்பதிவின்படி எஞ்சினை ஆய்வக மேடையில் நிறுத்தி, லெ மான் தடத்தில் ஓடுவது போலவே நாள் முழுதும் இயக்கினர். உடையும் உறுப்பு ஆய்வகத்திலேயே உடையட்டும் என்பது அவர்தம் எண்ணம்.

பிரேக்கும் அவ்வாறே ஆராயப்பட்டது. ஓடும் பொருளின் ஆற்றல் விரைவின் இருமடிக்கு ஏற்ப மிகும். மணிக்கு 150 கிலோமீட்டரில் ஓடும் காரை நிறுத்துகையில் தோன்றும் வெப்பத்தைப்போல் நான்கு மடங்கு வெப்பம், அதே காரை 300 கிலோமீட்டரிலிருந்து நிறுத்துகையில் தோன்றும். நேர்வழியின் முடிவில் பிரேக்கின் தட்டுகள் செந்தழலாய் ஒளிர்ந்தன. அவற்றைக் குளிர்விக்கக் காற்றுவழி அமைத்ததோடு, பந்தயத்தின் இடையே விரைந்து கழற்றி மாற்றவும் வழி கண்டனர். வில்லியனூர்த் தேருக்கு முட்டுக்கட்டை எத்தகையதோ அத்தகையது இவ்வேற்பாடு. 1966-இல் ஏழு லிட்டர் எஞ்சின் பொருத்திய போர்டு கார்கள் முதல் மூன்று இடங்களையும் பெற்றன. வென்ற காரைச் செலுத்தியோர் நியூசிலாந்தினரான புரூஸ் மெக்லாரன், கிறிஸ் ஏமன் ஆகிய இருவர்.

வேறு சிலர் எஞ்சினையே மாற்றிப் பார்த்தனர். இங்கிலாந்தின் ரோவர், பி.ஆர்.எம். ஆகிய நிறுவனங்கள் இணைந்து, விமானத்துக்குரிய வாயுச் சுழலி எஞ்சினைக் காரில் பொருத்தின. 1963-இல் போட்டிக்குப் புறம்பான காராக, 00 என்னும் எண் தாங்கி, அது இருபத்துநான்கு மணி நேரமும் ஓடியது. 1965-இல் கிரகாம் ஹில், ஜாக்கி ஸ்டூவர்ட் ஆகியோர் செலுத்தப் பத்தாம் இடம் பெற்றது. வீணாகும் வெப்பத்தை மீட்டுத்தரும் பீங்கான் அமைப்பைச் சேர்த்ததால் எரிபொருள் செலவும் பெரிதும் குறைந்தது. எனினும் விசையை மிதித்தபின் சற்றுத் தாமதித்தே ஆற்றல் தரும் குறை நீங்காமையால் அம்முயற்சி சாலைக்கு வரவில்லை.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தவரான ஜிம் ஹால், சாப்பரல் என்னும் காரில் கிளட்ச் மிதியே வேண்டாத பற்சக்கர அமைப்பைப் பயன்படுத்தினார். ஓய்வு பெற்ற இடக்காலுக்கு வேறொரு பணி தந்தார். காரின் பின்னே இரு தூண்களின்மேல் உயர்ந்து நின்ற இறக்கையை அக்கால் மிதியால் சாய்த்து நிமிர்த்தலாம். விமானத்தின் இறக்கை மேலே தூக்கும். தலைகீழாக அமைந்த இவ்விறக்கை காரைத் தரையோடு அழுத்தும். இக்கார் 1967-இல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் களத்தில் வென்றது. அவ்வாண்டு லெ மான் களத்தில் பற்சக்கர அமைப்பு பழுதுற்று நின்றது. நின்றாலும் இறக்கை என்னும் கருத்து நிலைத்துவிட்டது. இன்றைய பந்தயக் கார் பலவற்றின் பின்னும் அதனைக் காணலாம்.

பூச்சிகள் கூறிய செய்தி

1969-இல் செருமனியின் போர்ஷ் நிறுவனம் 917 என்னும் காரைப் படைத்தது. விதி கோரிய இருபத்தைந்து கார்களையும் வரிசையாக நிறுத்திக் காட்டி வியப்பூட்டியது. ஆனால் மிகு விரைவில் அக்கார் அலைபாய்ந்தது. பட்டறிவு மிக்க ஓட்டுநரும் அதனைச் செலுத்த அஞ்சினர்.

அவ்வாண்டு அக்டோபரில் ஆஸ்திரியாவின் செல்ட்வெக் களத்தில் ஆய்வோட்டம் நிகழ்ந்தது. ஓடி வந்த காரின் உடலெங்கும் சிறு பூச்சிகள் மோதி ஒட்டியிருந்தன. பின்புறத் தடுப்பில் மட்டும் அவற்றைக் காணோம். அங்கிருந்த பொறியாளர் ஒருவர் இதனைக் கூர்ந்து நோக்கினார். பூச்சி படாத இடத்தில் காற்றும் படவில்லை என்பதன்றோ இதன் பொருள்? உடனே தகரத் துண்டுகளை வெட்டி வால்பகுதியை உயர்த்தி அமைத்தனர். கார் நிலைபெற்றது. 1970-இல் லெ மான் பந்தயத்தையும் வென்றது. பெருங்கணக்குகளும் காற்றுக்குகை ஆய்வுகளும் கூறாததைச் சின்னஞ்சிறு பூச்சிகள் கூறின. வண்டின் துயரை எண்ணிய நம் சங்கத் தலைவன் ஈண்டு நினைவுக்கு வருதல் இயல்பே.

கொடுத்த விலை

கென் மைல்ஸ் என்பவர் போர்டு கார்களின் வளர்ச்சியில் பெரும்பங்கு கொண்ட ஆய்வோட்டுநர். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். 1966-இல் டேடோனா, செப்ரிங் ஆகிய இரு நீடோட்டப் பந்தயங்களிலும் வென்றார். லெ மான் களத்தில், நிறுவனத்தின் விருப்பப்படி கார்கள் சேர்ந்து வந்து முடித்தமையால், முதலிடம் அவருக்குக் கிட்டாது போயிற்று. இரண்டு திங்கள் கடந்து, ஆகஸ்டு 17-ஆம் நாள், கலிபோர்னியாவின் ரிவர்சைட் களத்தில் ஜே-கார் என்னும் புதிய ஆய்வுக் காரை ஓட்டினார். தேன்கூடு போன்ற அறைகளையுடைய அலுமினியப் பலகைகளை ஒட்டிச் சமைத்த எடை குறைந்த கார் அது. நேர்வழியின் முடிவில் கார் நிலைகுலைந்து சிதறியது. மைல்ஸ் மாண்டார். அப்போது அவருக்கு அகவை நாற்பத்தேழு.

அக்காரைப் பொறியாளர் கைவிடவில்லை, திருத்தினர். உள்ளே எஃகுக் குழாய்களால் ஆன காப்புக் கூண்டு ஒன்றைப் பொருத்தினர். 1967-இல் டான் கர்னியும் ஏ.ஜே. பாய்ட்டும் செலுத்தி லெ மான் களத்தில் வென்ற போர்டு கார் அவ்வாறு திருந்தியதே. அதே இரவில் அவ்வகையின் மற்றொரு காரைச் செலுத்திய மாரியோ ஆண்ட்ரெட்டி கொடிய விபத்துக்குள்ளானார். விலா எலும்புகள் முறிந்தன, உயிர் பிழைத்தது. மைல்ஸ் மறைவுக்குப்பின் வந்த கூண்டு ஆண்ட்ரெட்டியைக் காத்தது எனின் மிகையாகாது.

1969-ஆம் ஆண்டுப் பந்தயம் இதனினும் தெளிவான பாடத்தைத் தந்தது. அந்நாளில் ஓட்டுநர் சாலையின் ஒரு பக்கம் நிற்பர். கார்கள் எதிர்ப்பக்கம் நிற்கும். கொடி அசைந்ததும் ஓடிச்சென்று ஏறிப் புறப்பட வேண்டும். முந்தும் ஆவலால் பலர் இருக்கைப் பட்டையைப் பூட்டாமலே கிளம்புவர். இருபத்துநான்கு அகவையினரான பெல்ஜிய ஓட்டுநர் ஜாக்கி இக்ஸ் இம்முறையை எதிர்க்கக் கருதினார். ஏனையோர் ஓட, அவர் மெல்ல நடந்து சென்றார், ஏறி அமர்ந்தார், பட்டையைச் செவ்வனே பூட்டினார், இறுதியாகப் புறப்பட்டார். முதற்சுற்றிலேயே ஜான் உல்ப் என்னும் ஓட்டுநர் விபத்தில் காரிலிருந்து தூக்கி எறியப்பட்டு உயிரிழந்தார்.

ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் ஓடியபின் வென்றவர் யார்? நடந்து சென்ற இக்ஸும் அவர்தம் இணை ஓட்டுநர் ஜாக்கி ஆலிவரும் ஆவர். இரண்டாமவரை அவர்கள் முந்தியது ஏறத்தாழ 120 மீட்டர் மட்டுமே. அவர்கள் செலுத்திய கார் முந்திய ஆண்டு லெ மான் களத்தில் வென்ற அதே ஜிடி40. ஒரே கார் ஈராண்டும் தாங்கி நின்றது. மறு ஆண்டு முதல் ஓடி ஏறும் முறை கைவிடப்பட்டது. ஓட்டுநர் பட்டை பூட்டிக் காருக்குள் அமர்ந்த பின்னரே பந்தயம் தொடங்கியது.

கோவையின் மறுமொழி

பெருநிறுவனங்களுக்கே உரியதாகத் தோன்றும் இத்துறையில் தமிழர் செய்தது யாது என்னும் வினா எழலாம். கோவையின் புகழ்மிக்க நூற்பாலைக் குடும்பம் ஒன்றில் 1954-இல் பிறந்தவர் சுந்தரம் கரிவரதன். சோழவரத்துப் பந்தயக் களம் அவரை ஈர்த்தது. தாம் ஓட்டுவதோடு நில்லாமல், கார்களை வடிவமைக்கவும் தொடங்கினார். எளியோரும் வாங்கத்தக்க விலையில் பந்தயக் கார் வேண்டும் என்பதே அவருடைய வேட்கை. மாருதி 800 காரின் மூன்று உருளைகளையுடைய 796 கன சென்டிமீட்டர் எஞ்சினைக் கொண்டு, ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரை உருவாக்கினார். 1988 அளவில் களத்துக்கு வந்த இதனை ‘பார்முலா மாருதி’ என்பர். நம் ஊர்த் தெருவில் ஓடும் காரின் எஞ்சின், நம் ஊர்ப் பட்டறையில் கிடைக்கும் உதிரி உறுப்புகள். ஆதலின் பழுதுற்றாலும் திருத்துவது எளிது. அனைவரும் ஒரேவகைக் காரில் ஓடுவதால் வெற்றி செல்வத்தால் வாராது, திறமையால் வரும்.

1990-இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சென்னைக் கழகம் நிலையான பந்தயத் தடத்தை அமைத்தது. சோழவரத்தில் தொடங்கியது அங்குத் தொடர்ந்தது. கரிவரதன் 1995-இல் இலகு விமான விபத்தில் மறைந்தார். 2003-இல் கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் எழுந்த தடம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

பார்முலா மாருதியில் ஓடித் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன்று களத்தில் ஓடிய முதல் இந்தியரானார். 2009-இல் லெ மான் பந்தயத்துக்கும் அவர் பெயர் பதிவாகியிருந்தது. பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன்னர்த் தோளில் காயமுற்றமையால் ஓட இயலவில்லை. 2012-இல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் அப்பந்தயத்தில் ஓடி, இணை ஓட்டுநர் இருவருடன் ஆறாம் இடம் பெற்றார். அவருடைய பாட்டனார் இந்து சந்தோக், சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர். சோழவரத்து ஓடுதளத்திலிருந்து லெ மான் நேர்வழி வரை செல்லத் தமிழகத்துக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் தேவைப்பட்டன. அதுவும் ஒரு நீடோட்டமே.

நிறைவுரை

உறுவையாறு, வில்லியனூர், பாகூர் முதலிய ஊர்களிலிருந்து இருசக்கர ஊர்தியில் கல்லூரிக்கு வரும் மாணவர் பலர். விரைவின்மேல் அவர்க்குள்ள வேட்கையைக் குறைகூறுவதற்கில்லை. அது இளமையின் இயல்பு. அந்தி சாய்ந்தும் மகன் வீடு திரும்பாதபோது வாயிலில் நிற்கும் பெற்றோரின் அச்சத்தையும் குறைகூறுவதற்கில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் ஊர்திச் சட்டம் தலைக்கவசத்தை வலியுறுத்துகின்றது. அதனைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு செல்வதை வீரம் என்று எண்ணுவோர்க்கு, விரைவையே தொழிலாகக் கொண்ட ஜாக்கி இக்ஸ் நடந்து சென்று பட்டை பூட்டிய காட்சியைக் காட்டலாம். உலகின் மிக விரைந்த ஓட்டுநருள் ஒருவர், ஏனையோர் சில நொடிகள் முந்திச் செல்வதைப் பொருட்படுத்தவில்லை. இருபத்துநான்கு மணி நேரமும் நிற்க வேண்டுமென்பதையே எண்ணினார்.

அறுபதுகளின் ஆய்வுக் கார்கள் பல இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றால் விளைந்த பயன் நம் சாலைகளில் உள்ளது. தாங்கும் பிரேக்கும், காக்கும் கூண்டும், பூட்டும் பட்டையும் ஒருவர் உடைத்துப் பார்த்ததால், சில வேளை உயிரையே கொடுத்ததால், நமக்குக் கிடைத்த கொடைகள். அக்கொடையைப் பயன்கொள்ளுதல் அவர்க்கு நாம் செய்யும் கைம்மாறு. பாகனை விரையச் சொன்ன தலைவனும் மணிநாவைக் கட்டிய தலைவனும் ஒருவனே என்பதை நம் இலக்கியம் முன்னரே கூறியுள்ளது. விரைவோம்; வீடு சேர்வோம்.